சூசைமுத்துவின் கம்ப்யூட்டருக்கு நான் போட்ட எண்ணெய்

என் தம்பி சூசைமுத்து பொதுப்பணித் துறை அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருக்கிறான். காரைக்கால் டவுனில் அவன் அடித்த கடிதத்தில் பிழை பார்த்தேன் என்று சொல்லும் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. தமிழும் அடிப்பான், இங்கிலீஷும் அடிப்பான். பிரெஞ்சு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பழைய அகராதியை வைத்துக்கொண்டு அவனாகவே படித்தான். அம்மா இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். அவனைப் பற்றி எழுதும்போது பெருமை கொஞ்சம் கூடத்தான் வரும். ஆனால் இதை நான் பெருமைக்காக எழுதவில்லை.

எண்பத்தாறாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு மாமா பிரான்சிலிருந்து வந்தார். அம்மாவின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் தெருவில் அவர் வீட்டைச் சொல்தா வீடு, அதாவது பட்டாளத்துக்காரர் வீடு, என்பார்கள். அவர் பிள்ளை வேறு புதியது வாங்கிக்கொண்டதால் தேவையில்லாமல் போன ஒரு கம்ப்யூட்டரைச் சட்டை துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்து சூசையிடம் கொடுத்தார். பார்க்கக் கனமான டைப்ரைட்டர் மாதிரி இருந்தது. காகிதம் மாட்டுகிற இடம் மட்டும் இல்லை. டி.வி.யில் மாட்டினால் அடிக்கிற எழுத்து டி.வி.யில் தெரியும் என்றார். அதன் பக்கவாட்டில் ஒரு பிளவு. அதில் சோப்புப் பெட்டி அளவு ஒரு டப்பாவைச் செருக வேண்டும். டப்பாவின் வாய்க்குள் மஞ்சள் நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். மாமா அதைக் கார்த்தூஷ் என்றார், நாங்களும் அப்படியே சொன்னோம். கம்ப்யூட்டருக்குப் பேசத் தெரிவதே அந்தக் கார்த்தூஷ் உள்ளே போன பிறகுதான் என்று சூசை எனக்கு விளக்கினான்.

கொண்டுவந்த அன்று அது எங்கள் டி.வி.யில் வேலை செய்யவில்லை. அந்த ஊர் டி.வி. வேறு, நம் ஊர் டி.வி. வேறாம். சேக் பரீதுதான் அதை வழிக்குக் கொண்டுவந்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருப்பவன். சூசையோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். இலங்கை டி.வி. தெரிய வேண்டும் என்று எங்கள் வீட்டு மாடியில் முப்பதடிக் குழாயில் ஆன்டெனா கட்டியவனும் அவனே. இரண்டு மாதம் தினமும் ராத்திரி கடையை மூடியதும் நேராக இங்கே வந்து உட்கார்வான்.

"மாப்ளே, இது டி.வி.க்குப் பொண்டாட்டியா வந்திருக்கு. பாஷை தெரியாத பொண்டாட்டி. கொஞ்ச நாள் ஆவும்டா" என்பான்.

"நீ முதல்ல ஒரு பொண்டாட்டியைக் கட்டு, அப்புறம் உதாரணம் சொல்லு" என்பான் சூசை.

மாசி மாதம் ஒருநாள் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு மின்னியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சேமியா கிண்டிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சூசை செய்ததுதான் என் பெருமை. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அவன் தெரிய வைத்தான். ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாகப் பிரித்து, எந்தப் புள்ளி வெள்ளை, எந்தப் புள்ளி கறுப்பு என்று எண்ணாக மாற்றி உள்ளே ஏற்ற வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் எழுத்தை வரைந்து கொடுத்தது நான். எட்டுக்கு எட்டுக் கட்டம். 'ட'வும் 'ப'வும் சுலபம். 'ஞ'வை எட்டுக் கட்டத்தில் அடக்க எனக்கு நான்கு நாள் ஆனது. ஜாக்கெட்டுக்குத் துணி பற்றாதபோது எங்கே பிடித்து எங்கே விடுவது என்று பார்ப்பது போலத்தான் அதுவும். எழுதியதையெல்லாம் டேப் ரிக்கார்டர் கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்வான். ஆனி மாதத்தில் திரையில் 'காரைக்கால்' என்று தமிழில் வந்தது.

இந்தச் செய்தி மாயவரத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் நடராசன் காதுக்குப் போயிற்று. சூசை பரீட்சை எழுதப் போனபோது பழக்கமானவர். கம்ப்யூட்டர் வகுப்பும் தொடங்கப் போகிறேன், சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும், ஆகஸ்ட் பதினாறு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கே வந்து பார்க்கிறேன், நீ செய்திருப்பது உண்மையானால் வேலை உனக்குத்தான் என்று கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைச் சூசை சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். இன்னொருவர் எழுதிக் கொடுத்ததைப் பத்து வருஷமாக அடித்துக் கொடுத்தவன். முதல் தடவையாகத் தன் சொந்த வேலையைப் பார்க்க ஒருவர் வருகிறார்.

இப்போது எண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன்.

கடற்காற்றில் எங்கள் ஊரில் எதுவும் நிற்காது. பூட்டு, கத்தரிக்கோல், ஜன்னல் கொக்கி எல்லாம் துருப்பிடித்துவிடும். என் வீட்டில் பிடிக்காது. சனிக்கிழமை தோறும் மெஷினுக்கு ஆயில் போடும்போதே வீட்டிலுள்ள எல்லா இரும்புக்கும் கோழி இறகால் ஒரு தொடு தொட்டுவிடுவேன். எங்கள் அப்பாவின் கத்தரிக்கோல் இன்றைக்கும் முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. அக்கம்பக்கத்தில் யார் வீட்டுப் பூட்டாவது திறக்கவில்லை என்றால் "அற்புதம் வீட்டைப் பாரு" என்று என் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும்.

கார்த்தூஷின் பற்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியதும் அதுதான். இத்தனை மெல்லிய தகடு, உப்புக் காற்றில் எத்தனை நாள் தாங்கும்? மெஷின் ஆயில் வாடையடிக்கும் என்று சுத்தமான தேங்காய் எண்ணெயை எடுத்தேன். இறகால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு, மிச்சத்தை மல்துணியால் ஒற்றி எடுத்து, டப்பாவை அதை வைக்கும் தகரப் பெட்டியில் இருந்தபடியே வைத்துவிடுவேன். ஜூலை மாதத்திலிருந்து ஐந்து சனிக்கிழமை. சூசையிடம் சொல்லவில்லை. அவன் தூசு தட்டுவதோடு சரி, வேறெதுவும் தொடாதே என்று சொல்லியிருந்தான். கெடுதல் செய்தால்தானே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆறாவது சனிக்கிழமை ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். அன்றைக்கு நேரம் இருக்காது என்று புதன்கிழமை காலையிலேயே போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெரிய மனிதர் வருகிறார் என்பதால் இரண்டு தடவை போட்டேன். கம்ப்யூட்டரின் பிளவுக்குள்ளேயும் இறகை விட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் சூசை அலுவலகத்திலிருந்து வந்து சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது. டி.வி.யில் ஒன்றும் இல்லை. அணைத்து மறுபடி போட்டான். விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது.

அவன் பதறவில்லை. என்னைக் காகிதம் எடுத்துக்கொள்ளச் சொன்னான். ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம், சோதித்ததை எழுதிக்கொண்டே வா என்றான். அந்தக் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. டி.வி. சரி, இலங்கை தெரிகிறது. பிளக் சரி; அதே பிளக்கில் டேபிள் ஃபேன் ஓடுகிறது. கார்த்தூஷைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பற்கள் பளபளவென்று இருந்தன. "இது புதுசு மாதிரி இருக்கு" என்றான். நான் 'கார்த்தூஷ் சரி' என்று எழுதினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

மிச்சம் இருந்தது டி.வி.க்குப் போகிற ஒயர். அதைச் செவ்வாய்க்கிழமை பரீது வந்து புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காட்டும்போது நடுவில் ஒயர் விட்டுவிடக் கூடாது என்று சூசைதான் கூப்பிட்டிருந்தான். அன்றைக்கு அவன் போன பிறகு நன்றாகத்தான் வேலை செய்தது.

சூசை என்னைப் பார்த்துக் கேட்டான். "அக்கா, இன்னைக்கு இதை யாராவது தொட்டாங்களா?"

"பரீதுதானே நேத்து சூடு வச்சுக்கிட்டு இருந்தான்" என்றேன்.

நான் சொன்னதில் ஓர் எழுத்துப் பொய் இல்லை. ஆனால் அவன் கேட்டதற்கு அது பதில் இல்லை. எண்ணெயால் இப்படி ஆகும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. தொட்டது தெரிந்துவிடுமே என்று மட்டும் பயந்தேன். சூசை தலையை ஆட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை பரீது மீட்டரோடு வந்தான். கரண்ட் சரியான அளவில் வருகிறதா என்று பார்த்தான், வந்தது. ஒயரைப் பிரித்து மறுபடி பற்றவைத்தான். திரை கறுப்புதான். கார்த்தூஷை எடுத்து வாயால் ஊதிச் செருகினான். ஒன்றும் இல்லை.

"எங்கயோ காண்டாக்ட் விடுது மாப்ளே. உள்ள திறந்து பாக்கட்டுமா?"

"வேணாம்" என்றான் சூசை. "திறந்தவரைக்கும் போதும்."

"நான் எங்கடா திறந்தேன்? ஒயர்ல சூடு வச்சேன். ஒயர் வெளியில கிடக்கு."

"செவ்வாக்கிழமை வரைக்கும் நல்லா இருந்துச்சு பரீது. நீ வச்ச சூடு ஒயர் வழியா உள்ள போயி எதையாவது சுட்டிருக்கும்."

"அப்ப நான் கெடுத்துட்டேங்கிற."

"வேற யாரும் தொடலையே."

பரீது என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லுங்கக்கா என்பது போல. எப்போதும் அவனுக்காக நான்தான் பேசுவேன். அன்றைக்கு ஒரு பாவாடையின் ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தேன், தலையை நிமிர்த்தவில்லை. அவன் மீட்டரின் ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தான். "என்னைக் கூப்பிடாம இனிமே வர மாட்டேண்டா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கு வைத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சூசை அலுவலகம் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். காண்டாக்ட் என்ற வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. சாக்கு தைக்கும் ஊசியின் முனையில் வெள்ளைத் துணியைச் சுற்றி அந்தப் பிளவுக்குள் விட்டு எடுத்தேன். துணியில் பச்சையாகப் பிசின் போல ஒட்டியிருந்தது. கோயில் பித்தளைக் குத்துவிளக்கில் எண்ணெய் படிந்து பச்சை பூக்குமே, அதே பச்சை. கார்த்தூஷின் பல் இடுக்கிலும் இருந்தது. மேலே பளபளப்பு, அடியில் பச்சை. துடைத்துப் பார்த்தேன். எட்டின மட்டும் வந்தது. சுவிட்சைப் போட்டேன். கறுப்பு.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். அவன் வந்து சட்டையைக் கழற்றாமல் அந்தக் காகிதத்தை எடுத்து முதலிலிருந்து படித்தான். நான் அவனுக்குப் பிடித்த இறால் குழம்பு வைத்திருந்தேன். சாப்பாட்டைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன்.

சனிக்கிழமை அவன் அலுவலகக் கொடியேற்றத்துக்குப் போனான். நான் திருநாள் பூசை முடிந்து, வீட்டுக்கு வராமல், முக்காட்டோடு நேரே பரீது கடைக்குப் போனேன். பாதி ஷட்டர் திறந்திருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

"வாங்கக்கா. பூசை முடிஞ்சிடுச்சா? உக்காருங்க."

உட்காராமலே எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். பரீது முதலில் நம்பவில்லை. பிறகு கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"தேங்கா எண்ணெயா?"

"ஆமாப்பா. துருப்பிடிக்கக் கூடாதுன்னு."

"தலைக்குத் தேச்சு மிஞ்சினதா, இல்ல புதுசா வாங்கினதா?" அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "ஒண்ணுமில்லக்கா. அது கால்மணி நேர வேலை. ஸ்பிரிட்டும் ரப்பரும் இருந்தாப் போதும்."

"அப்ப வந்து செஞ்சு குடுத்திடு. அவன் வர்றதுக்குள்ள."

பரீது ரேடியோ மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அவன் இல்லாதப்போ அந்த மெஷின்ல கை வைக்கிறதா? ஏற்கனவே கை வச்சுக் கெடுத்தவன்னு பேரு. நீங்க சூசைக்கிட்ட சொல்லுங்க. அவன் என்னைக் கூப்பிடட்டும். கூப்பிட்ட நிமிஷம் வர்றேன், சாப்பாட்டுல இருந்தாலும் எந்திரிச்சு வர்றேன்."

நியாயமான பேச்சு. சரி என்றேன். எண்ணெய் போட்டதைச் சொன்னேனே தவிர, சூசை கேட்டபோது நான் அவன் பெயரை எடுத்ததை அங்கே சொல்லவில்லை. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

சூசையிடம் சொல்வதற்குச் சனிக்கிழமை முழுக்க இருந்தது. சூசை வந்தான், சாப்பிட்டான், அலுவலகத்தில் கொடுத்த மிட்டாயை எனக்குக் கொண்டுவந்திருந்தான். பால் கொடுக்கவில்லையே தவிர, நானே வளர்த்த பிள்ளை அவன். எட்டாவது படித்தவள் என்றாலும் அக்கா செய்வதில் தப்பு இருக்காது என்று நினைத்துத்தான் இன்றைக்கும் எந்தக் கடிதத்தையும் என்னிடம் ஒரு தடவை படித்துக் காட்டிவிட்டு அனுப்புவான். அந்த நினைப்பை என் கையாலேயே எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ராத்திரி சொல்லலாம், காலையில் சொல்லலாம் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

நடராசன் பத்து மணி பஸ்ஸில் இறங்கி நடந்தே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் தோல் பை. சூசை அவரை உட்கார வைத்துச் சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது. கட்டம் போட்ட நோட்டைக் காட்டினான், கேசட்டைக் காட்டினான். அவர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார்.

"அழகாத்தான் இருக்கு தம்பி. யாரு வரைஞ்சது?"

"எங்க அக்கா."

"ரொம்ப நறுவிசு. ஆனா நோட்டை வச்சு நான் வகுப்பு நடத்த முடியாதுல்ல? திரையில பாக்கணும்."

"மெஷின்ல ஒரு கோளாறுங்க. செவ்வாக்கிழமை வரைக்கும் நல்லா இருந்துச்சு."

"யாரு பாத்தது?"

"பாத்தவங்க பாத்தாச்சுங்க" என்றான் சூசை. பரீதின் பெயரைச் சொல்லவில்லை.

நான் காப்பித் தம்ளரோடு அடுக்களை வாசலில் நின்றேன். 'ஐயா, ஒரு கால்மணி நேரம் இருங்க, பரீதைக் கூப்பிட்டால் சரியாகிவிடும்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பெரிய மனிதர் எதிரில், நறுவிசு என்று சொன்ன வாய் மூடுவதற்குள், தேங்காய் எண்ணெய் போட்டுக் கெடுத்தவள் நான்தான் என்று எப்படிச் சொல்வது? காப்பியைக் கொடுத்தேன். அவர் குடித்தார். இன்னும் இரண்டு பேரைக் கும்பகோணத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது, கடைத்தெருவில் ஒருவரைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன் என்று எழுந்தார். சூசை தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

அவன் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னேன். எண்ணெய், இறகு, பச்சை, பரீது சொன்ன கால்மணி நேரம், எல்லாம். அவன் நடையிலேயே நின்று கேட்டான்.

"எத்தனை வாரமா?"

"ஆறு."

"எல்லாப் பல்லுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"நீ எதையும் அரைகுறையா செய்ய மாட்டியே" என்றான். அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மணி பதினொன்று பத்து. "சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போ. அவரை நிறுத்தி வை. பரீதை நான் போய்க் கூப்பிடுறேன்" என்றேன்.

சூசை சைக்கிளை எடுத்தான். ஸ்டாண்டைத் தட்டிவிட்டான்.

"நீ போய்க் கூப்பிட்டா அவன் வர மாட்டான். வரவும் கூடாது. முதல்ல பரீது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பரீது கடையில் இருக்க மாட்டான். அவன் வீடு ஊரின் மறுகோடியில். சூசை அந்தப் பக்கம்தான் மிதித்தான். பஸ் ஸ்டாண்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். அவன் இடது பக்கம் திரும்பியதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்தபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். பரீது கையில் ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் மை அழிக்கும் ரப்பர். பற்களை ரப்பரால் தேய்த்தான். பிளவுக்குள் ஸ்பிரிட் பஞ்சை விட்டு விட்டு எடுத்தான். ஒவ்வொரு பஞ்சும் பச்சையாக வந்தது. எட்டாவது பஞ்சு வெள்ளையாக வந்தது. செருகிச் சுவிட்சைப் போட்டதும் வெள்ளைக் கட்டம் மின்னத் தொடங்கியது. கேசட்டை ஓடவிட்டார்கள். அது ஏறி முடியப் பத்து நிமிஷம் ஆகும். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். பிறகு 'காரைக்கால்' என்று வந்தது. பஸ் போயிருக்கும்.

சூசை அன்றைக்கே நடராசனுக்குக் கடிதம் எழுதினான். பதினைந்து நாள் கழித்துப் பதில் வந்தது. கும்பகோணத்தில் ஒருவரை எடுத்துவிட்டேன், வேறு வாய்ப்பு வந்தால் சொல்கிறேன் என்று மரியாதையாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தையும் சூசை எனக்குப் படித்துக் காட்டினான்.

இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. அவன் அலுவலகத்தில் இன்னும் டைப்பிஸ்ட்தான். சாயங்காலம் தெருவில் இரண்டு மூன்று பெண்களுக்குக் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கச் சொல்லித் தருகிறான். பரீது வருகிறான், போகிறான். போன வருஷம் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணுக்குச் சட்டைகள் எல்லாம் நான்தான் தைத்தேன். ஒரு மை ரப்பரை எனக்கென்றே வாங்கி வந்து கொடுத்திருக்கிறான். "சனிக்கிழமை கை சும்மா இருக்காதுன்னா இதால தேய்ங்கக்கா. எண்ணெயை இட்லிக்கு வச்சுக்கங்க" என்றான். அந்த ரப்பரால்தான் தேய்க்கிறேன். பாதி கரைந்துவிட்டது.

எண்ணெயைப் பற்றி இரண்டு பேரும் என்னைக் கேலி செய்வார்கள். அதை நான் தாங்கிக்கொள்வேன். வேறொன்றுதான் தாங்க முடியவில்லை. பேச்சு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பரீது, "எல்லாஞ் சரிக்கா, ஆனா இவன் என்னையே சந்தேகப்பட்டான் பாருங்க. ஒண்ணாங் கிளாஸ்லேருந்து பழகினவன். எப்படிடா உனக்குத் தோணிச்சு?" என்று கேட்பான். விளையாட்டாகத்தான் கேட்பான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

சூசை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "புத்தி கெட்டுப்போச்சுடா, விடு" என்பான். என் பக்கம் திரும்ப மாட்டான்.

நான் ரப்பர் தூளை உள்ளங்கையில் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.